கயிறு கேட்டவன்

மத்தியானம்தான். ஆனாலும் பனிப்புயலில் லாரியின் மூக்குக்கு முன்னால் ஒரு முழம் தூரம்கூடத் தெரியவில்லை. கணவாயின் இறக்கத்தில், பழைய இழுவைக் கயிறு சுற்றிய இரும்புக் கம்பம் நட்டிருந்த வளைவில், இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. நிற்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று துர்தாகுன் வண்டியைத் திட்டினான்.

"டீசல் உறைஞ்சு மெழுகாயிடுச்சு, மச்சான்" என்றான் எசென். துர்தாகுனின் மனைவி அய்ஸாதாவுக்கு ஒரே தம்பி. வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "இவனப் பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று அவள் இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தாள்.

டீசல் தொட்டியைச் சூடுபடுத்தும் விளக்கில் பெட்ரோல் இல்லை. அய்ஸாதா கட்டிக்கொடுத்த ஆட்டுக்கொழுப்பு டப்பாவை எசென் கையில் எடுத்தான்.

"கொழுப்ப எரிக்காதடா. இங்க வேணாம்."

"பின்ன? ரெண்டு பேரும் உக்காந்து விறைச்சுப் போவமா?"

வியாழக்கிழமைதோறும் அய்ஸாதா கொழுப்பைக் காயவைத்து மாவுத்துண்டுகளைப் பொரிப்பாள், செத்தவர்களின் பெயரைச் சொல்லுவாள். அந்த வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. போன குளிர்காலத்தில் இதே வளைவில், பழுதாகி நின்ற லாரிக்குப் பக்கத்தில் ஒருவன் கயிற்றைத் தூக்கிக் காட்டினான். இறக்கத்தில் நிறுத்தினால் சறுக்கும் என்று பயந்து, துர்தாகுன் நிறுத்தாமல் போய்விட்டான். இந்தச் சாலையில் கயிறு கேட்டவனைக் கைவிடக் கூடாது என்பது லாரிக்காரர்களின் எழுதாத சட்டம். அவன் நின்ற நிலையிலேயே விறைத்துப்போய்க் கிடைத்தபோது, கல்முராத் என்று பெயர் சொன்னார்கள்.

எசென் கந்தலைக் கொழுப்பில் தோய்த்து, தொட்டிக்கு அடியில் கொளுத்தினான். சாம்பல் நிறப் புகை எழுந்தது. பொரிந்த கொழுப்பின் கனத்த வாசனை வண்டிக்குள்ளும் புகுந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் உயிர்பெற்றது.

"எசென், வந்து ஏறு."

"இருங்க மச்சான்." குரல் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. "இங்க ஒருத்தர் கயிறோட நிக்கிறாரு. அவரு வண்டிய இழுத்து விடணுமாம்."

பின்னால் எந்த வண்டியும் வந்த சத்தமே இல்லை.

"கையில உறைகூட இல்ல, பாவம். விரலெல்லாம் கயித்தோட ஒட்டிப்போயிருக்கு. கொழுப்பு வாசனை பிடிச்சு வந்தேங்கிறாரு."

துர்தாகுன் கதவைத் திறக்காமலே கத்தினான்.

"அங்க பாக்காத. ஓடி வந்து ஏறுடா."

"கயிறு கேட்டவர விட்டுட்டா? நீங்களா மச்சான் இப்படிப் பேசுறது?"

துர்தாகுன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் டொக் என்று ஒரு சத்தம்.

மறுபடி ஒன்று.

வெளுத்த வெறுங்கை ஒன்று, அவசரமே இல்லாமல், தட்டிக்கொண்டிருந்தது.

துர்தாகுன் வண்டியைக் கிளப்பினான். பத்தடி போய் நிறுத்துவோம், பயல் ஓடிவந்து ஏறிக்கொள்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடிவாரத்துத் தேநீர்க்கடை வரும்வரை அவன் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை.

அன்றே பனிச்சரிவு சாலையை மூடியது. மூன்றாம் நாள்தான் ஆட்களால் மேலே போக முடிந்தது. எசென் கம்பத்தருகே நின்றுகொண்டிருந்தான். தோளில் கயிறு. வண்டியை நிறுத்தச் சொல்லித் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"இறங்கிப் போனான், பனியில வழி தப்பிட்டான்" என்று துர்தாகுன் மனைவியிடம் சொன்னான். அவள் நம்பினாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. முற்றத்தில் வெயில் கொளுத்தியது. அய்ஸாதா மாவைப் பொரித்து, தம்பியின் பெயரைச் சொல்லி, ஒரு கிண்ணம் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசற்படியிலிருந்து கிண்ணம்வரை ஈரக் காலடிகள். நடுநடுவே கரையாத பனிக்கட்டிகள். கிண்ணம் காலியாக இருந்தது.

"ரெண்டு ஜோடித் தடம் இருக்கு" என்றாள் மெல்ல. "என் தம்பி யாரையோ கூட்டிட்டு வந்திருக்கான். யாருங்க அது?"

துர்தாகுன் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தி வைத்த லாரியின் பின்கொக்கியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. உறைபனி படிந்த அந்தக் கயிறு, மலை இருக்கும் திசையில் விறைப்பாக இழுபட்டு நின்றது.

இன்ஜின் அணைந்திருந்த லாரி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.