இனோசேயின் பங்கு

பெட்டிக்கு முன்னால் வைத்த சேப்பங்கிழங்கில் பல் பதிந்திருந்தது.

குவாபாரா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூகன்வில் தீவின் காட்டில் சாயங்கால மழை ஓலைக்கூரைமேல் ஓயாமல் இறங்க, ஈரத்துணி வாடையும் புண்ணின் சீழ் வாடையும் வெளியே போக வழியில்லாமல் குடிசைக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றன. வெள்ளைத் துணி சுற்றிய அந்தச் சின்னப் பெட்டிக்குள் இனோசேயின் சுண்டுவிரல் எலும்பு இருந்தது. செத்தவனின் உடலைத் தூக்கிவர முடியாவிட்டால், ஒரு விரலையாவது எரித்து ஜப்பானில் இருக்கும் தாயிடம் சேர்ப்பது படையின் வழக்கம். அதுவரை சாப்பாட்டில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.

"இதைத் தின்னது நீங்கதானே?"

சார்ஜெண்ட் தொகிதா, தோட்டா தீர்ந்த துப்பாக்கியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "செத்தவன் கிழங்கை நான் ஏண்டா திங்கப்போறேன்?"

"அவன் சாகலைங்க. நீங்க விரலை வெட்டினப்போ கத்தினான்."

"காய்ச்சல்ல கிடந்தவன், எப்படியும் போயிருப்பான். மலை முழுக்க சுமந்துட்டு வரணுமா?"

குவாபாராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தீவுக்காரர்களின் தோட்டத்தில் கிழங்கைப் பிடுங்கினோம், தடுத்தவர்களை அடித்தோம், கடைசியில் நம்மவனையே உயிரோடு வெட்டி வழியில் போட்டுவிட்டு வந்தோம். இதற்குப் பெயர் மானமாம், வீரமாம்! திரும்பிப் போய் இனோசேயைத் தூக்கிவருகிறேன் என்று காலையில் கெஞ்சியதற்கு, கன்னத்தில் அறைதான் கிடைத்திருந்தது.

"எண்ணிக்கை சொல்லு!" என்று தொகிதா கத்தினான். இரண்டே பேர் மிஞ்சிய பிறகும் மாலை எண்ணிக்கையை மட்டும் அந்த ஆள் விடவில்லை.

"ஒண்ணு," என்றான் குவாபாரா.

மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு."

இனோசேயின் எண். இனோசேயின் குரல்.

தொகிதா எழுந்தான். வெற்றுத் துப்பாக்கியை வாசல் பக்கம் நீட்டினான். பெட்டிக்குள் ஏதோ தட்டியது. மறுபடியும் தட்டியது. வெளியே, சேற்றில் எதுவோ இழுபடும் சத்தம். கிட்டே. இன்னும் கிட்டே.

"டேய், படலைச் சாத்துடா! குவாபாரா!"

படலுக்குப் பக்கத்தில் இருந்தது குவாபாராதான். படலைச் சாத்தத்தான் கை போனது. ஆனால் வெட்டும்போது இனோசே போட்ட அலறல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டான்.

கை ஒன்று உள்ளே வந்தது. நாலே விரல். கிழங்கைத் தொடவில்லை. பெட்டியைத் தொடவில்லை. தொகிதாவின் கையைப் பிடித்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், சுண்டுவிரலில் நின்றது.