நூற்றுக்கு நூறு... ஒரு பிணம்!

மூன்றாம் நம்பர் நாற்காலியில் ராமப்பன் செத்துக் கிடந்தார்.

மார்பில் நீலத் துண்டு. முகத்துக்கு நேரே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

காலையில்தான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலேஜ் வேன் போய் அவரை ஏற்றி வந்தது. இலவசப் பல் முகாம். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வந்த மனுஷன்... பதினொரு மணிக்குப் பிணம்!

இன்ஸ்பெக்டர் ரேவதி குனிந்து ராமப்பனின் முகத்தைப் பார்த்தாள். வலியைப் போக்கச் சொன்னால் உயிரைப் போக்கியிருக்கிறார்கள்.

பல் மருத்துவக் கல்லூரியின் தாளாளர் சென்னகிருஷ்ணன் கேஸ் ஷீட்டை நீட்டினார்.

"பாருங்க மேடம். புடுங்குனது மாதேஸ்வரி, ஃபைனல் இயர். பேரே எழுதியிருக்கு. மயக்க ஊசிய அதிகமா போட்டிருப்பா. நாங்க டிஸ்மிஸ் பண்ணியாச்சு."

"அதுக்குள்ளயா?"

"காலேஜ் பேரு முக்கியம் இல்லீங்களா?"

சுவரோரம் நின்றிருந்தாள் மாதேஸ்வரி. அப்பா ரோஜாத் தோட்டத்தில் கூலி. இன்னும் இரண்டே மாதத்தில் அந்தக் குடும்பத்தின் முதல் டாக்டர். இப்போது ஜெயிலா, பட்டமா என்று நிற்கிறாள்.

"நான் அவரத் தொடவே இல்லீங்க மேடம். உள் ரூம்ல சாமான் கழுவிக்கினு இருந்தன். யாரோ எம்பேர எழுதிட்டாங்க."

"பொய் மேடம்."

சொன்னவன் கௌதம். மாதேஸ்வரியின் வகுப்பு. தாளாளரின் ஒரே மகன்.

"வாசல்ல இருந்து நானே பாத்தன். இவதான் புடுங்கினு இருந்தா."

மாதேஸ்வரி அவனை முறைத்தாள். அழவில்லை. ரேவதிக்கு அது பிடித்தது.

மூன்று மணி. ரேவதியின் செல்போன் அலறியது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்.

"ஊசியில தப்பு இல்ல மேடம். புடுங்குன பல்லு மூச்சுக்குழாய்ல அடைச்சிருக்கு."

"காப்பாத்தியிருக்க முடியுமா?"

"பக்கத்துல ஒருத்தர் இருந்து முதுகுல ஓங்கித் தட்டியிருந்தா பொழச்சிருப்பாரு. யாரும் தட்டல."

ரேவதி போனை அணைத்தாள். ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான்... விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

அவள் விவரத்தைச் சொன்னதும் சென்னகிருஷ்ணன் தலையாட்டினார்.

"அதான் சொன்னன். கை சுத்தமில்லாத பொண்ணு. எம்பையன் அப்பிடி இல்ல மேடம். கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல பல்லு புடுங்கறதுல நூத்துக்கு நூறு. வாங்க, காட்றன்."

ஏசி அறை. வரிசையாகப் பத்து மெஷின்கள். ஒவ்வொன்றிலும் கண்ணை மூடும் ஒரு பெரிய வி.ஆர். கண்ணாடி.

"மாதேஸ்வரியும் இதுலதான் படிச்சாளா?"

"அவளுக்கு ஏதுங்க? இது ஸ்பெஷல் பேட்ச். அவளுக்கெல்லாம் பொம்மைத் தலை. அப்புறம் இருக்கவே இருக்கு, முகாமுக்கு வர்ற ஜனம்."

ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணில் அந்தக் கண்ணாடியை மாட்டினாள்.

எதிரே, இல்லாத ஒரு ஆள் வாயைப் பிளந்து படுத்திருந்தான். கையில் குறடு. குறட்டில் நிஜமான கனம். ஆட்டினாள்... பல் ஆடியது. இழுத்தாள்... வந்துவிட்டது! பிடியைத் தளர்த்தினாள்.

டிங்!

பல்லைக் காணோம். பச்சை எழுத்தில் மார்க் மின்னியது.

"பல்லு எங்க சார் போச்சு?"

"மறைஞ்சிடும் மேடம். அடுத்த பேஷண்ட் வந்துடுவான்."

ரேவதி கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள்.

"ஒரு பொம்மைத் தலைய எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி ஆளுக்கொரு பல்லு புடுங்கணும்."

முதலில் மாதேஸ்வரி. பொம்மையின் தொண்டைக்குக் காவலாகத் துணி வைத்தாள். நிதானமாக ஆட்டினாள். பல் வந்தது. பிடி தளராமல் வெளியே கொண்டுவந்து தட்டில் போட்டாள்.

ணங்!

அடுத்து கௌதம். துணி எல்லாம் இல்லை. சுறுசுறுப்பாக இழுத்தான். அவளைவிட அழகாக, அவளைவிட வேகமாக. பல் வந்தது... பொம்மையின் வாய்க்கு உள்ளேயே குறட்டைத் திறந்தான்!

பல் தொண்டைக் குழிக்குள் விழுந்தது.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவனுக்கு மெல்ல மெல்ல முகம் வெளுத்தது.

"நிஜப் பல்லப் புடுங்கிப் பழகுனவ, தட்டுல போடற வரைக்கும் புடிய விடல," என்றாள் ரேவதி. "மறைஞ்சு போற பல்லப் புடுங்கிப் பழகுனவன்தான் வாய்க்குள்ளயே விடுவான். எத்தன நிஜ ஆளுக்குப் பல்லு புடுங்கியிருக்க கௌதம்?"

"அவரு... அவருதான் மொத ஆளு."

"நீ பல்லு புடுங்குன கணக்கு, காலேஜ் லாக் புக்ல முப்பது பேருன்னு இருக்கு?"

"எல்லாம் அப்பா எழுத வெச்சது."

"ராமப்பன் மூச்சுக்குத் துடிக்கும்போது நீ என்னடா பண்ண?"

"பயந்துட்டன் மேடம். கதவச் சாத்திட்டு... ஷீட்ல மாதேஸ்வரி பேர எழுதி..."

"டேய் கௌதம்!" சென்னகிருஷ்ணன் பாய்ந்து வந்தார். "வக்கீல் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதடா!"

ரேவதி விலங்கை எடுத்தாள்.

"நல்ல யோசனதான் சார். காலையில ராமப்பன்கிட்ட சொல்லியிருந்தா, மனுஷன் பல்வலியோட உயிரோட இருந்திருப்பாரு."