உரித்து ஒட்டிய பேட்டரி

அட்டையில் மிச்சமிருந்த நாலு காது மெஷின் பேட்டரியிலும் ஆரஞ்சு ஸ்டிக்கரின் ஓரம் சுருங்கியிருந்தது. ஒன்றின் அடியில் ஒரு தலைமுடி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. மார்கரெட் அந்த அட்டையைக் கடை மேசைமேல் வைத்தாள்.

மறைமலைநகர் கம்பெனியில் இருபது வருஷம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்தவள் அவள். பத்து நாள் வரவேண்டிய பேட்டரி, ஆறு மாதமாக இரண்டே நாளில் படுத்துவிடுகிறது. 'உப்புக்காத்து' என்று புருஷன் மோசஸ் எழுதிக் காட்டுவான். வாங்கி வருவதும் அவன்தான். இன்று அவளே மாமல்லபுரம் வந்துவிட்டாள்.

கடைக்கார சுஜாதா புதிதாக ஒன்றை உரித்து, ஒரு நிமிஷம் காற்றாட விட்டு, காது மெஷினில் போட்டு மாட்டிவிட்டாள்.

"கேக்குதாக்கா? உங்க வூட்ல யாரோ எல்லாத்தையும் உரிச்சிட்டு திருப்பி ஒட்டி வச்சிக்கீறாங்க. ஒருதபா காத்து பட்ச்சின்னா அவ்ளோதான், சும்மா வச்சாலும் தீந்துகினேதான் போவும்."

வீட்டில் இருப்பது மோசஸும் மகள் ஷாரோனும்தான். சாப்பிடும்போது அவர்கள் பேசும் நாலு வார்த்தை காதில் விழுந்தால் போதும் என்று கிடந்தவளிடம், அதைக்கூடவா பிடுங்குவார்கள்?

நெம்மேலியில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வெயில் இன்னும் இருந்தது. தெருக்குழாய் சொட்டுவதும், சவுக்குத் தோப்புக்கு அப்பால் அலை மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்குவதும், தன் செருப்பு சரளையில் அரைபடுவதும் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்து உட்கார்ந்தன. அழுகையாக வந்தது.

வாசலில் மீன்குழம்பு வாசனை. உள்ளே பேச்சும் சிரிப்பும். மோசஸ். ஷாரோன். கூட ஒரு பொம்பளை.

அடப்பாவி, இதற்குத்தானா! ஆத்திரத்தோடு கதவைத் தள்ளினாள்.

கூடத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார்கள்.

"வந்துட்ச்சி செவுடு," என்றான் மோசஸ், சிரிப்பு மாறாமல்.

"ஷாரோன், அப்பாக்கு டீ எடுத்துகினு போ," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தோ வரேம்மா."

திறந்து கிடந்த சமையலறையில் யாருமில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலை மார்கரெட்டுக்குத் தெரியும். சர்ச்சில் பாட்டுப் பாடிய குரல். அவளுடைய சொந்தக் குரல்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. ஆறு மாதமாக அவர்கள் உதடு அசைந்ததெல்லாம் தன்னிடம் பேசத்தான் என்று நம்பியிருந்தாளே!

பேச்சு சட்டென்று நின்றது.

"ஷ்ஷ்." இப்போது குரல் முதுகுக்குப் பின்னால். "இவளுக்கு இன்னிக்கி கேக்குது."

மோசஸ் எழுந்து தெருக்கதவைச் சாத்தினான். ஷாரோன் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்துத் தலையாட்டினாள்.

ஈர விரல்கள் காதுமடலைத் தொட்டன. பக்குவமாக. மெஷினைக் கழற்றின.

எதிரே இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சத்தமே இல்லை.