மாலை போட்ட வீட்டில் மீன் வாடை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு வெள்ளாமை செய்கிற ஒரு வீட்டில், போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அழகுமலை பழனிக்கு மாலை போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை வரம் கேட்டுத் தைப்பூசத்துக்கு நடந்து வருவதாக வேண்டுதல். வீட்டில் கவிச்சி ஆகாதென்று அவன் அம்மா காளியாயி சட்டி பானையைக்கூட மாற்றியிருந்தாள்.

அன்று காலை, அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பா உருண்டு விழுந்தது. சிதறிய மஞ்சள் மாத்திரைகளில் ஒன்றைக் காளியாயி மிதித்துவிட்டாள். குப்பென்று மீன் வாடை!

“ஏ புள்ள சுகன்யா! என்னடி இது?”

மருமகள் சுகன்யாவுக்கு அந்த டப்பாவைத் தெரியும். பூண்டு மூட்டை தூக்கி முழங்கால் பிசகிய புருஷன், பழனி நடைப்பயணத்துக்குள் கால் தேறவேண்டுமென்று கொடைக்கானல் ஜிம்மில் புரோட்டீன் பவுடரோடு வாங்கி வந்தது. அது மீன் எண்ணெய் என்பது அவளுக்கே இப்போதுதான் புரிந்தது. முழுசாக விழுங்குகிற அவனுக்கு வாடைகூடத் தெரிந்திருக்காது. தெரிந்தால் மாலையைக் கழற்றிவிடுவானே...

“என்னோடதுதான் அத்தே.”

“ஆர்மோனு சரியில்லேன்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சியே, அதுக்கா? எம் மகன் வெறுங்கால்ல பனியில நடக்குறான், நீ மீன முழுங்குறியாக்கும்! அப்புறம் புள்ள எப்படித் தங்கும்? வெரசாக் கெளம்பு, அடுக்கம் ஊருல ஒங்காத்தா வீட்டுல போய்க் கெட!”

சுகன்யா சாப்பிட்டது டாக்டர் எழுதிய தைராய்டு மாத்திரை ஒன்றுதான். அதைச் சொல்லாமல் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

தோட்டத்திலிருந்து வந்த அழகுமலை தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான்.

“என் மாத்திரை டப்பா எங்க? கால் தேறும்னு ஜிம்முல குடுத்தானே, மஞ்சக் கலரு?”

காளியாயி கையிலிருந்த விளக்குமாறு நின்றது.

“அது... மீன் எண்ணெ, சாமி,” என்றாள் மகனிடம்.

அவன் கை கழுத்து மாலைக்குப் போனது. பையோடு நின்ற மனைவியைப் பார்த்தான். “அப்ப நீ எதுக்குப் பையோட நிக்கிற?”

காளியாயி முந்திக்கொண்டாள். “தெரியாமத் தின்னதுதானே சாமி? முருகன் பொறுத்துக்குவான்!”

“நான் தின்னேன்னு நெனச்சப்பப் பொறுக்கலையே அத்தே...” சுகன்யா குரலை உயர்த்தவில்லை.

காளியாயி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். “ஆறு வருசமா ஒன்னையக் கொற சொல்லியே பழகிட்டேன்டி... என்னைய நாலு வார்த்த திட்டித் தொலையேன்!” என்று மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி மகனிடம் திரும்பினாள். “மாலையக் கழட்டுடா. பங்குனி உத்திரத்துக்குப் போவோம், மொதல்லருந்து வெரதம். இந்தத் தடவ எனக்கும் ஒரு மாலை.”

“ஒங்க முட்டி தாங்காது அத்தே.”

“தாங்குற மட்டும் நடக்குறேன். நீ கையப் புடி.”

பங்குனியில் மூன்று பேரும் மலையிறங்கி நடந்தார்கள். பிள்ளைப் பேச்சைக் காளியாயி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

உங்கள் வீட்டுக்கு வந்த பெண்கள் மனம் குளிர்ந்து இருக்கட்டும் கண்ணுகளா. உலையும் உறவும் குறையாமல் நன்றாக இருங்கள்.