ஒற்றை மணி

நிலாத்தளத்தில் ஷிஃப்ட் முடிந்தால் சாப்பாட்டு வரிசையைவிட அழைப்பு வரிசைதான் நீளம். சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு முன்கட்டண அட்டையின் எண்ணை அழுத்துவார்கள். அழைப்புகளை இணைக்கும் இயந்திரமான குரல்வாயில் அதைக் கணக்குப்பொறியிடம் கேட்டுச் சரிபார்த்து, இன்னும் எத்தனை நிமிடம் பேசலாம் என்று சொல்லும். பிறகு வீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு பூமிக்குத் தடம் திறந்து அழைக்கும். அங்கே யாராவது எடுத்தால்தான் நிமிடம் கழியும். எடுக்காவிட்டால் ஒன்றும் கழியாது.

நம் ஆட்களுக்கு இது போதாதா? ஒரு மணி அடித்து வைத்தால் ‘நல்லா இருக்கேன்’. இரண்டு மணி என்றால் ‘நீ கூப்பிடு’. அட்டை தேயாமலே குடும்பம் நடத்தினார்கள்.

குரல்வாயிலைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் பிரகாசியும் அப்படித்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் அப்பா சூசைக்கு, மகள் நிலாவுக்குப் போனது பிடிக்கவில்லை. இனி பேசாதே என்றார், அவரும் பேசவில்லை. ஆனால் ஓர் அட்டை வாங்கி வைத்துக்கொண்டு, காலைப் பூசை முடிந்ததும் அதே குரல்வாயில் வழியாக தினமும் ஒரு மணி அடிப்பார். இவளும் திருப்பி ஒரு மணி அடிப்பாள். நாளைக்கு எடுத்துப் பேசிவிட வேண்டும் என்று நினைப்பாள். நாளைக்கும் வீம்பு வந்து குறுக்கே நிற்கும்.

இந்த வெறும் மணிகளால் தடங்கள் நெரிந்தன. ஏதாவது செய் என்று நிர்வாகம் அவளை நச்சரித்தது. அவளும் செய்தாள். யாருடைய அழைப்பு எடுக்கப்படாமலே போகும் என்று அவரவர் பழக்கத்தை வைத்துக் கணிக்கக் குரல்வாயிலுக்குக் கற்றுக்கொடுத்தாள். அப்படிப்பட்ட அழைப்புக்குத் தடமே திறக்காது. அழைத்தவர் காதில் மட்டும் குரல்வாயிலே மணியடித்துக்கொண்டிருக்கும். ‘போலிமணி’ என்று பெயரும் வைத்தாள். தடங்கள் காலியாயின. நிர்வாகம் கைதட்டியது.

அப்பாவின் மணியை அவள் என்றைக்குமே வீண் அழைப்பாக எண்ணியதில்லை. அதனால் அதுவும் அந்தக் குப்பையில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதுவும் நின்றது. மனுசனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பிரகாசிக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. இவளும் அடிப்பதை நிறுத்தினாள்.

சுரங்கத்து மரியதாஸ் ஒருநாள் வந்து, “அக்கா, நான் தினமும் அடிக்கேன். வீட்ல வரவே இல்லைங்காங்க” என்றான். அட்டையில் ஒன்றும் குறையவில்லையே, உனக்கென்ன நஷ்டம் என்று சிரித்து அனுப்பினாள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். தன் கோபத்திலேயே குடியிருப்பவளுக்கு எங்கே உறைக்கும்?

பிறகு பக்கத்து வீட்டு ஜெபமாலை அக்கா அழைத்தாள். அவள் அதுவரை நிலாவுக்கு அழைத்ததே இல்லை. பழக்கம் தெரியாததால் குரல்வாயில் தடத்தைத் திறந்துவிட்டது.

“ஒங்கப்பா விடியக்காலம் போயிட்டாருட்டி.”

ஒரு வாரமாகவே முடியாமல் கிடந்தாராம். பேச வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். முந்தின நாள் காதில் வைத்த போனை அவர் கீழே வைக்கவே இல்லையாம்.

“மணி போகுது, எடுக்க மாட்டேங்காளேன்னு சொல்லிட்டிருந்தாரு. கை ஓஞ்சு போற வரைக்கும் வச்சிருந்தாரு.”

போலிமணியை எடுத்துவிடச் சொல்லிப் பிரகாசி நிர்வாகத்தின் காலில் விழாத குறை. தடம் நன்றாக ஓடுகிறதே என்றார்கள். அவளிடமிருந்து குரல்வாயிலின் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்பாவின் போனை அணைக்காமல் வைத்திருக்கும்படி ஜெபமாலை அக்காவிடம் கேட்டுக்கொண்டாள். தினமும் ஒரு மணி அடிப்பேன், எடுக்க வேண்டாம், அந்த வீட்டில் அது கேட்டால் போதும் என்றாள். பூசை முடியும் நேரம் பார்த்து அடித்தாள். அப்பா கேட்பதாகவே நினைத்துக்கொண்டாள். மனசு கொஞ்சம் ஆறியது.

சில வாரம் கழித்து ஜெபமாலை அக்கா மறுபடி அழைத்தாள். சற்று முன்புதான் பிரகாசி அடித்து வைத்திருந்தாள். காதில் கணீரென்று கேட்டிருந்தது.

“ஏன்ட்டி,” என்றாள் அக்கா, “நீயும் நிறுத்திட்டியா?”