நன்றித் தகடு

கம்பத்துமேட்டு நாற்சந்தியில் நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று மரியாதை செய்தபடி அசையாமல் நின்றன. ஹாரன் இல்லை, திட்டு இல்லை. ஒவ்வொரு வண்டியும் இனிமையான குரலில், "தங்கள் சேவைக்கு நன்றி. முதலில் நீங்கள்" என்றது. எதிரே நின்ற வண்டியும் அதையேதான் சொன்னது.

அன்று காலைதான் அவற்றுக்கு நன்றித் தகடு பொருத்தியிருந்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான பச்சை எண்பலகை அது. சாலையில் ஓடும் தூரத்துக்கும் நிற்கும் நேரத்துக்கும் எல்லோரும் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பச்சைத் தகடு இருந்தால் ஒரு காசு கட்ட வேண்டாம். அது முதல் சலுகை. இரண்டாவது வேறொன்று. வண்டிகளை ஓட்டுபவர் என்று அப்போது யாரும் கிடையாது. ஸ்டீயரிங்கை அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம். எல்லா வண்டிகளையும் நடத்தும் வழிமூளை, பச்சைத் தகட்டைக் கண்டால் மற்ற வண்டிகளை ஒதுங்கி நிற்கச் சொல்லும். ஆனால் வீரர் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் தகடு ஒளிரும். மாமனார் வண்டியில் மருமகன்கள் ஓசியில் ஊர் சுற்றிவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாடு.

இந்த விதிகளை எழுதியவள் இன்பவல்லி, போக்குவரத்துத் துறைப் பொறியாளர். முப்பது வருடங்களுக்கு முன், ஆறு வயதில், பாலாற்று வெள்ளத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர் கம்பத்துமேட்டு ஹவில்தார் கன்னியப்பன். அந்தத் தோளை அவள் மறக்கவே இல்லை. தகடு கொடுக்கும் முதல் விழாவை அவர் ஊரிலேயே வைத்ததும் அதனால்தான்.

"ரெண்டு பச்சைத் தகடு எதிரெதிரே வந்தா?" என்று விதி எழுதும்போதே குழுவில் ஒருவர் கேட்டார்.

"பதவியைப் பார்த்தும் பணிக்காலத்தைப் பார்த்தும் எந்திரம் அவங்களைத் தரம் பிரிக்கக் கூடாது சார். ஒண்ணுக்கொண்ணு வழி விடட்டும். எப்பவாவது சிக்கினா நாம அலுவலகத்துல இருந்து பிரிச்சு விடலாம்" என்றாள் இன்பவல்லி. எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பது, அந்தக் கம்பத்துமேட்டுக்காரரை நினைத்தே விதி எழுதிய அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

விழா முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். நாற்சந்தியில் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து, கன்னியப்பனின் மனைவி பூங்காவனம் வண்டிகளுக்கிடையே புகுந்து ஓடி வந்தாள்.

"ஏம்மா, நீதானே இந்தத் தகட்டக் குடுத்தே? அவருக்கு மார் வலிக்குதாம். வேர்த்துக் கொட்டுது. வண்டிய நவுரச் சொல்லு."

இன்பவல்லி ஓடினாள். பின்னிருக்கையில் சாய்ந்திருந்த கன்னியப்பனின் முகம் வெளுத்திருந்தது. அவள் அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"ஒவ்வொண்ணாத்தான் பிரிக்க முடியுது மேடம். ஒண்ண நகர்த்தினா இன்னொண்ணு வந்து வழி விட்டு நிக்குது. எப்படியும் மூணு மணி நேரம் ஆகும்" என்றது மறுமுனை.

ஆம்புலன்ஸ் வந்திருந்தது. ஆனால் ஊர் எல்லையில், பால் சொசைட்டிக்குப் பக்கத்தில், அதே வரிசையின் வாலில் நின்று அலறிக்கொண்டிருந்தது. அதற்கும் வழி விட எல்லா வண்டிகளும் தயார். ஆனால் அடுத்த வண்டி முதலில் போனால்தான் தான் நகர்வேன் என்றது ஒவ்வொன்றும்.

கன்னியப்பன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "வழி விட்டே கொன்னுடுவே போலக்கீதே, கண்ணு."

பதினோரு வருடம் உழைத்துச் செய்த நன்றி இப்படி அவர் மார்பிலேயே ஏறி உட்காரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பக்கத்து வண்டியிலிருந்து சுபேதார் தாமோதரன் இறங்கினார். எழுபது வயது, ஒரு முழங்கால் பிளாஸ்டிக். "கன்னியப்பா, பேசாதே. மூச்ச மட்டும் விடு" என்றவர், திரும்பி வரிசையைப் பார்த்து ஒரே ஒரு குரல் கொடுத்தார். "இறங்குங்கடா!"

வண்டி வண்டியாகக் கதவுகள் திறந்தன. பின்னிருக்கையின் மெத்தைப் பலகையைக் கழற்றினார்கள். கன்னியப்பனைப் படுக்க வைத்து ஆறு பேர் தூக்கினார்கள். ஐம்பது அடிக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே கால்கள் ஒன்றாக விழுந்தன.

இன்பவல்லி ஒரு மூலையைப் பிடிக்கப் போனாள்.

"நீ வேணாம்மா, கனம்" என்றார் தாமோதரன்.

"என்னைத் தூக்கினவர் சார் இவர்."

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

முந்நூறு அடி போயிருப்பார்கள். பக்கத்தில் ஏதோ அசைவதைக் கண்டு இன்பவல்லி தலையைத் திருப்பினாள். வீரர்கள் இறங்கிவிட்ட வண்டிகளில் பச்சைத் தகடுகள் அணைந்திருந்தன. இப்போது அவை வெறும் வண்டிகள். ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கி, சாலையை முழுதாகத் திறந்துவிட்டன. அந்த வழியே ஆம்புலன்ஸ் அவர்களை நோக்கி ஓடி வந்தது.

கன்னியப்பன் பிழைத்துக்கொண்டார். "இன்னும் அரை மணி போயிருந்தா கஷ்டம்" என்றார் மருத்துவர். இன்பவல்லி அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில்லாமல் அழுதாள்.

மூன்று வாரம் கழித்து, வழிமூளையில் ஏற்ற வேண்டிய திருத்தத்தோடு கம்பத்துமேட்டுக்கு வந்தாள். உயிருக்கு ஆபத்து என்றால் மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான். இரண்டு தகடுகள் எதிர்ப்பட்டால் சீட்டுக் குலுக்கி ஒன்றை அனுப்பும். நாற்சந்திக்கு வந்ததும் அவளுடைய சாதாரண வண்டி ஒதுங்கி நின்றது. எதிரே இரண்டு பச்சைத் தகடுகள். இரண்டு வண்டிகளின் கதவுகளும் தாமே திறந்தன.

"ஐயா, தயவுசெய்து இறங்குங்கள்" என்றன இரண்டும்.

வழிமூளை அன்று விளக்குக் கம்பத்திலிருந்த கேமரா வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தது. முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்று தானாகவே கற்றுக்கொண்டும் இருந்தது.

ஒன்றிலிருந்து தாமோதரன் இறங்கினார். இன்னொன்றிலிருந்து கன்னியப்பன், மெதுவாக. வண்டிகள் காலியாகக் கடந்துபோய் ஓரத்தில் காத்திருந்தன. இருவரும் நடுரோட்டில் கை குலுக்கி, மாத்திரை பற்றியும் பேரனின் கல்யாணம் பற்றியும் பேசத் தொடங்கினார்கள்.

இன்பவல்லி கண்ணாடியை இறக்கினாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. ஆபத்துன்னா அதுக்குத்தான் முதல் வழி, ரெண்டு தகடு எதிர்ப்பட்டா சீட்டுக் குலுக்கல்னு இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

"ஆபத்து சமாச்சாரத்த மட்டும் போடு கண்ணு. இத எங்க ஊருக்கு இப்டியே வுட்டுடு" என்றார் கன்னியப்பன். "பட்டாளத்த வுட்டு வந்து இருவது வருசமா இவன கண்ணாடி வழியாத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவள் சீட்டுக் குலுக்கும் விதியை அந்த இடத்திலேயே அழித்தாள். திரையில் காத்திருப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. விலக்கு வீரர்களுக்குத்தான், அவர்களுக்காக நிற்பவர்களுக்கு இல்லை. அந்த விதியும் அவள் எழுதியதுதான். பேச்சு இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை. அவள் கதவைத் திறந்து இறங்கி அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ ஏம்மா எறங்கினே?" என்றார் கன்னியப்பன். "உனக்குக் காசு ஓடுமே."

"ஓடட்டும் ஐயா. முப்பது வருசமா கட்டாம விட்டது."