யாரும் தொடாதது

கோவையில் குப்பை தீர்ந்துபோன வாரத்தில்தான் மிருதுளாவுக்குக் குப்பை அவசரமாகத் தேவைப்பட்டது.

அவளுடைய ஆலையில் மறுவார்ப்பி வாயைத் திறந்தபடி சும்மா நின்றது. இடித்த செங்கல், உடைந்த ஓடு, ஓட்டைக் குடம், காய்கறித் தோல் என்று எதைப் போட்டாலும் மூலக்கூறுகளாகப் பிரித்து, மறுபக்கம் சுவர்ப்பலகையாகவோ நாற்காலியாகவோ தள்ளும் இயந்திரம். ஊர்க் குப்பைமேட்டை அது முழுதாகத் தின்று தீர்த்திருந்தது. அங்கே இப்போது பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். ஒரு வீட்டை இடித்தால், தூசி அடங்குவதற்குள் நாலைந்து ஆலைக்காரர்கள் வந்து சண்டைக்கு நிற்கிறார்கள்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்கறாங்க மேடம்," என்றார் மேற்பார்வையாளர் ரங்கராசு. "ஒத்தை பெஞ்ச் கூட ரெடி இல்லீங்க. பசங்க தரையிலதான் உக்காரோணும்."

"உக்கார மாட்டாங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கைப் போட்டா மறுவார்ப்பி பெஞ்ச் தராதுங்களே."

மிருதுளா சிரித்தாள். அவளுக்கு யோசனை வந்துவிட்டது என்பது ரங்கராசுவுக்குப் புரிந்தது.

"குப்பை இல்லைன்னு யார் சொன்னது? உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு?"

"கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரமே ஏழு கெடக்குதுங்க."

"எத்தனை மாட்டியிருக்கீங்க?"

"ஒண்ணுதானுங்க. அதுவும் ஓடறதில்ல."

அன்றே திரட்டிகளின் மூக்கில் புதிய கருவி ஒன்றைப் பொருத்தினாள். தெருத்தெருவாகச் சென்று குப்பை அள்ளும் தானியங்கி வண்டிகள் அவை. கருவிக்கு அவள் வைத்த பெயர் தொடுமானி. மனிதத் தோல் பட்ட இடத்தில் எல்லாம் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டும். நாளாக ஆக அது காற்றில் கெட்டு மணம் மாறும். அந்த மணத்தை வைத்தே, ஒரு பொருளைக் கடைசியாக எப்போது ஒரு மனிதன் தொட்டான் என்று தொடுமானி சொல்லிவிடும்.

விதி எளிது. ஓராண்டாக யாரும் தொடாதது குப்பை. பொருளில் ஒரு பகுதிதான் புழங்குகிறது என்றால், புழங்காத பகுதியை மட்டும் அறுத்து எடு. உயிருள்ளதை எடுக்காதே.

விருப்பம் உள்ள வீட்டார் சம்மதித்துக் கைரேகை வைத்தார்கள். முதல் ரேகை மிருதுளாவுடையது. அடுத்தவர் வீட்டுக்கு ஒரு சட்டம், தன் வீட்டுக்கு ஒரு சட்டம் என்பது அவளுக்குப் பிடிக்காது.

மறுநாளே ஆலை நிரம்பி வழிந்தது. அலமாரியை விட்டு இறங்காத கண்ணாடிக் கோப்பைகள், உறை பிரிக்காத சோபாக்கள், துணி காயப்போடக்கூடப் பயன்படாத உடற்பயிற்சி இயந்திரங்கள். கூடவே மில் முதலாளி தெய்வசிகாமணியும் வந்து சேர்ந்தார்.

"ஏனுங் அம்மிணி, எட்டுப் பேர் உக்கார்ற டைனிங் டேபிளுங்க! உங்க வண்டி ஒரு மூலையை மட்டும் உட்டுட்டு மிச்சத்தை அறுத்துட்டுப் போயிருச்சு!"

"மத்த ஏழு பேரும் எங்கீங்க?"

"பசங்க கனடாவுல. ஊட்டுக்காரி... டிவி முன்னாடி உக்காந்துதான் சாப்புடுவா."

"அப்ப அந்த மூலை போதுமுங்களே. நீங்க ரேகை வெச்சுத்தானுங்களே குடுத்தீங்க?"

அவர் முணுமுணுத்தபடி போனார். மிருதுளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆலை அறையிலேயே அவளுக்கு ஒரு கட்டில் உண்டு. வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, கணவர் நவநீதன் மடித்து வைத்த துணிப்பையை வாங்கிக்கொண்டு அதே வண்டியில் திரும்பிவிடுவாள். அப்படியே பழகிப் போயிருந்தது.

திங்கள் காலை எல்லா வகுப்பிலும் புது பெஞ்ச். பிள்ளைகள் அதில் தாளம் போட்டார்கள். தலைமையாசிரியை மிருதுளாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். வெற்றியைச் சொல்ல அவள் நேராக வீட்டுக்குப் போனாள். இம்முறை உள்ளேயே போனாள்.

கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. மேசை இருந்த இடத்தில் ஒரு தட்டு வைக்கும் அளவுக்கு ஒரு துண்டு. படுக்கையறையில் அவர்களுடைய தேக்குக் கட்டில், நட்ட நடுவில் நூல் பிடித்தாற்போல அறுபட்டுப் பாதியாக நின்றது. இடதுபக்கம் இல்லை. அது அவள் படுக்கும் பக்கம்.

"வா மிருது," என்றார் அந்தப் பாதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த நவநீதன். "உக்காருன்னு சொல்லலாம்னு பாத்தா எடமில்லை."

"என்னங்க இது... போன்ல சொல்லவே இல்ல?"

"பெஞ்ச் முடியட்டும்னு இருந்தேன். கட்டில் ஆடறதே இல்ல தெரியுமா? அறுத்த பக்கம் புதுசா ரெண்டு கால் வெச்சுக் குடுத்துட்டுத்தான் போச்சு. உன்ற மெஷின் வேலை சுத்தம்."

அவள் கட்டிலின் அறுபட்ட விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"என்னையும் ரொம்ப நேரம் மோந்து பாத்துச்சு. உயிருள்ளதை எடுக்காதேன்னு நீ எழுதி வெச்சதால பொழச்சேன்."

அவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளால் முடியவில்லை. வெறுந்தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள். மற்றொரு கையால் ரங்கராசுவை அழைத்தாள்.

"பெஞ்ச் ஏதாவது மிச்சம் இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குதுங்க மேடம். ரெண்டு பேர் உக்கார்றது."

"வீட்டுக்கு அனுப்பிவிடுங்க."

"அனுப்பறனுங்க," என்றார் ரங்கராசு. கொஞ்சம் தயங்கினார். "ஆனா வருசத்துக்குள்ள உக்காந்துருங்க மேடம். இல்லீன்னா பாதிதான் மிஞ்சும்."